எழுவாய் இல்லாத வாக்கியம்

வானத்தில் மாடிகள் இருக்கின்றன என்று சொன்னால் என் மகள் சின்ன வயதில் நம்பினாள். இப்போது பதினாறு வயதாகிறது, நான் சொல்லும் எதையும் நம்புவதில்லை. ஆனாலும் உண்மை அதுதான். ஆயிரம் அடிக்கு ஒரு மாடி. கிழக்கே போகிறவர்களுக்கு ஒற்றைப்படை மாடி, மேற்கே போகிறவர்களுக்கு இரட்டைப்படை மாடி. ஒரே மாடியில் இரண்டு விமானம் போக வேண்டி வந்தால் நடுவில் ஐந்து மைலாவது இருக்க வேண்டும். ஆயிரம் அடி அல்லது ஐந்து மைல், இரண்டில் ஒன்று எப்போதும் இருந்தாக வேண்டும். இருபத்தாறு வருடமாக இதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

முன்பெல்லாம் இருபத்தொன்பதாயிரம் அடிக்கு மேலே மாடிக்கு மாடி இரண்டாயிரம் அடி விட்டிருந்தோம். கருவிகள் நுட்பமாகிவிட்டன என்று சொல்லி அங்கேயும் ஆயிரமாக்கினார்கள். கருவிக்கு முன்னால் உட்காரும் ஆட்கள் நுட்பமாகிவிட்டார்களா என்று யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை.

இந்த மாடிகளுக்குத் தரை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தைப் பார்த்துத்தான் உயரம் சொல்கிறது. காற்றழுத்தம் ஊருக்கு ஊர், வேளைக்கு வேளை மாறும். அதனால் ஓர் அளவுக்கு மேலே ஏறியதும் எல்லா விமானிகளும் உயரமானியில் ஒரே எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும் என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண் அன்றைக்கு அந்த இடத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது. இருபத்துநாலாயிரம் என்று காட்டும்போது நிஜத்தில் இருபத்துமூன்றாயிரத்து எழுநூறாக இருக்கலாம். பரவாயில்லை. எல்லோரும் ஒரே அளவுக்குத் தப்பாக இருந்தால் யாரும் யார்மேலும் மோத மாட்டார்கள். எங்கள் அலுவலகமும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது.

ஆயிரம் அடியைக் காப்பாற்ற எங்களிடம் இருப்பது ஒரு திரை, ஒரு வாய், இரண்டு காது. இந்த உயரத்துக்கு இறங்கு என்று நான் சொல்வேன். விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் திருப்பிச் சொல்வதை நான் கேட்க வேண்டும். தப்பாக இருந்தால் அங்கேயே திருத்த வேண்டும். சரியாக இருந்தால் நான் பேசாமல் இருக்கலாம்; என் மௌனத்துக்குச் சரி என்று பொருள். திருப்பிச் சொல்வதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. அதைக் கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நானூறு தடவை சரியாகவே வந்து விழுந்தால், நானூற்றொன்றாவது தடவை காது தன் பாட்டுக்குச் சரி போட்டுக்கொண்டு போய்விடும். அவர் சொன்னது கேட்காது, நான் சொன்னதுதான் மறுபடி கேட்கும்.

இதை ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணி வந்தவள் நான். அலுவலகத்தில் எனக்கு எக்கோ மேடம் என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வேன். கேன்டீனில் டீ சொன்னால்கூடத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். வீட்டிலும் அப்படித்தான். என் கணவர் பல் டாக்டர். நாள் முழுக்க வாயைத் திறந்துகொண்டு கிடப்பவர்களிடம் கேள்வி கேட்டுப் பழகியவர், அதனால் யாரிடமிருந்தும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. கடைக்குப் போகும்போது நான் சொல்லும் ஏழு சாமானையும் வரிசை தப்பாமல் ஒப்பிப்பார். பிறகு ஆறு வாங்கி வருவார், அதில் இரண்டு நான் சொல்லாதவை.

பஞ்சுவுக்கு வருகிறேன். பஞ்சு என்பது அவள் குரலுக்கு வைத்த பெயர். அவ்வளவு மெல்லிசு. வயது நாற்பத்தொன்று, என்னை அக்கா என்பாள். பன்னிரண்டு வருடம் எங்கள் அறையில் மைக்கின் முன்னால் உட்கார்ந்தவள். ஒரு மதியம் ஒரு விமானி உயரத்தைத் தப்பாகத் திருப்பிச் சொன்னதை அவள் கவனிக்கவில்லை. ஆயிரம் அடி இருக்க வேண்டிய இடத்தில் எழுநூறு அடி ஆகிவிட்டது. இரண்டு விமானத்திலும் சேர்த்து முந்நூறு பேர் இருந்திருப்பார்கள், ஒருவர் கோப்பையிலிருந்தும் காபி சிந்தவில்லை. ஆனால் குறைந்தது குறைந்ததுதான். அன்றைக்கு ஷிப்ட் பொறுப்பு என்னுடையது. அறிக்கை எழுதினேன், மூன்று பக்கம். 'காதில் விழுந்தது வேறு, கேட்டது வேறு' என்று அதில் ஒரு வரி வரும். அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் அடிக்கோடு வேறு போட்டேன். பஞ்சுவை மைக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எடுத்தால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். பக்கத்து நாற்காலியில் உதவியாளராக உட்கார வைப்பார்கள். காதில் ஹெட்செட் இருக்கும், எல்லாம் கேட்கும், விமானிகளோடு பேசத்தான் கூடாது. பக்கத்து வானத்தைப் பார்க்கும் பிரிவுகளுக்குப் போன் பண்ணலாம், குறிப்பு எழுதலாம். பிறகு மூன்று பேர் கொண்ட ஒரு குழு கூடி, இவருக்கு மறுபடி தகுதி வந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டால் சீட் திரும்பக் கிடைக்கும். ஆறு மாதத்துக்குள் கிடைக்காவிட்டால் உரிமம் காலாவதி. அப்புறம் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்து, மேகம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி, இரண்டு வருடம் படித்து வர வேண்டும். அந்தக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் கூடும். பஞ்சுவுக்கு ஐந்தாவது மாதத்தில் ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. அதை விட்டால் அடுத்தது எட்டாவது மாதம். அதாவது அந்த வியாழன் ஒன்றுதான் அவளுக்கு.

குழுவில் இருந்த மூன்று பேர், நிலையத் தலைவர், தரப்பிரிவு அதிகாரி, நான். புகார் எழுதியவளே தீர்ப்பும் சொல்லலாமா என்று யாரும் கேட்கவில்லை. எங்களிடம் ஆள் பற்றாக்குறை.

அந்த வாரம் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் மைக்கில் இருந்தேன். பக்கத்து நாற்காலியில் பஞ்சு. திரையில் பதினோரு விமானம், பெரிய நெரிசல் இல்லை. நெரிசல் இருந்தால் பயம் இருக்கும், பயம் இருந்தால் காது திறந்திருக்கும். இருபத்துமூன்றாயிரத்தில் ஒன்று நேராகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பாதையைக் குறுக்கே வெட்டுவது போல இன்னொன்று மேலிருந்து இறங்கி வந்தது. இருபத்துநாலாயிரம் வரை இறங்கலாம் என்று அதற்குச் சொன்னேன். இருபத்துமூன்றாயிரத்துக்கு இறங்குகிறேன் என்று விமானி திருப்பிச் சொன்னார். எனக்கு இருபத்துநாலு என்று கேட்டது. நான் பேசாமல் இருந்தேன்.

இதெல்லாம் பிறகு ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் என்னைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை. அடுத்த விமானத்துக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பஞ்சு ஒரு காதில் போன், ஒரு காதில் ஹெட்செட் என்று பக்கத்துப் பிரிவோடு பேசிக்கொண்டிருந்தவள், எதிர்முனையில் இருந்தவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனை வைத்தாள். திரையில் விரலை வைத்தாள்.

"அக்கா, இவன் இருபத்துமூணுன்னு சொன்னான்."

நான் பார்த்தபோது அந்த விமானம் இருபத்துமூன்றாயிரத்து எண்ணூறில் இருந்தது. உடனே இருபத்துநாலாயிரத்துக்கு ஏறு என்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. விமானம் என்ன சைக்கிளா, பிரேக் பிடித்த இடத்தில் நிற்க? இருபத்துமூன்றாயிரத்து ஐந்நூறு வரை இறங்கிவிட்டுத்தான் மூக்கைத் தூக்கியது. அந்த நேரத்தில் இரண்டுக்கும் நடுவில் நாலு மைல். ஆயிரம் அடியும் இல்லை, ஐந்து மைலும் இல்லை. திரையில் இரண்டு பெயரும் சிவப்பாக மாறி, எச்சரிக்கை மணி நாலு தடவை அடித்தது.

அந்த மணி ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து முறை அடிக்கும். அன்றைய ஷிப்ட் பொறுப்பாளர் குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலையைத் தூக்காமலே என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பஞ்சு முந்திக்கொண்டு, சரியாயிடுச்சு சார் என்றாள். அது பொய் இல்லை, சரியாகித்தான் இருந்தது. அவர் புதிருக்குத் திரும்பினார். இரண்டு விமானமும் தத்தம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. இரண்டிலும் யாருக்கும் எதுவும் தெரியாது.

பதினைந்து நிமிடம் கழித்து என் முறை முடிந்து, வேறொருவர் மைக்கில் உட்கார்ந்தார். கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கையை நனைத்துக்கொண்டே நின்றேன். பஞ்சு ஒரு கப் டீயோடு வந்தாள். டீயை வாஷ்பேசின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஐந்து மாதத்துக்கு முன்னால் இதே குழாயடியில் அவள் நின்றபோது, நான் உள்ளே அறிக்கைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மாதிரி வெட்கம் எனக்குப் பழக்கமில்லை, அதனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

எங்கள் ஒலிப்பதிவுகள் முப்பது நாள் இருக்கும், அதற்கப்புறம் அதன்மேல் புதியது பதிவாகிவிடும். இடைவெளி குறைந்தது என்று யாரும் படிவம் எழுதிக் கொடுக்காவிட்டால் யாரும் போட்டுக் கேட்கப் போவதில்லை. முப்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எக்கோ மேடம் வாழ்நாளில் ஒரு தப்பும் செய்யாதவளாக ஓய்வு பெறலாம். திங்கள் இரவு முழுக்க இதை யோசித்துக்கொண்டே புரண்டு, செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். வியாழக்கிழமைக் குழுவில் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுவது. அப்படிச் சொன்னால் என் மனசும் ஆறும், என்னையே காப்பாற்றிய காது இது, இதற்கு மைக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்று பஞ்சுவுக்கும் பேசின மாதிரி ஆகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எனக்கே என் நேர்மை ரொம்பப் பிடித்துவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் கணவரிடம் சொன்னேன். வழக்கம் போல எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னார். பிறகு வழக்கமில்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"சொல்றது பஞ்சுவுக்காகவா, உனக்காகவா?"

இரண்டு பேருக்கும்தான் என்றேன். அப்படியானால் பஞ்சுவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு என்றார். சரி என்றேன். கேட்கவும் செய்தேன், அதுதான் கொடுமை.

புதன்கிழமை சாயங்காலம் ஷிப்ட் முடிந்து, அலுவலக வேன் நிற்கும் இடத்தில் அவளைப் பிடித்தேன். டிரைவர் எல்லோரையும் ஏற்றிவிட்டு அவளுக்காக இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை விஷயத்தைச் சொல்லலாம் என்றிருக்கிறேன் என்று ஆரம்பித்தேன். பஞ்சு சுற்றிலும் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள். அவள் குரலும் இன்ஜின் சத்தமும் சேர்ந்து நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"வேண்டாம்க்கா. நேரம் தாண்டிப் போச்சு. இப்பப் போய்ச் சொன்னா மாட்டிக்க வேண்டியதுதான்."

ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் காதில் விழுந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று பக்கம் எழுதி அவளைக் கீழே இறக்கியவள் நான். அவளானால் நான் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று கவலைப்படுகிறாள். இந்த மனசு யாருக்கு வரும் என்று உருகிப்போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் முகம் தெளிந்தது. சரிக்கா என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள். இரண்டு பேருமே நிம்மதியாக வீட்டுக்குப் போனோம்.

வியாழக்கிழமை பதினோரு மணி. கூட்ட அறையில் பன்னிரண்டு பேர் உட்காரும் மேஜை, ஒரு பக்கம் நாங்கள் மூன்று பேர், எதிர்ப்பக்கம் பஞ்சு. இஸ்திரி போட்ட சட்டை, மடியில் இரண்டு கையும் கோத்து வைத்திருந்தாள். ஏசி அநியாயத்துக்குக் குளிர்ந்தது. தலைவருக்குப் பன்னிரண்டு மணிக்கு வேறு கூட்டம் இருந்தது, அதனால் நல்ல மனநிலையில் இருந்தார். தரப்பிரிவு அதிகாரியை நாங்கள் கமா என்று கூப்பிடுவோம். நம் கடிதத்தில் கமா இல்லாத இடத்தில் போடுவார், இருக்கும் இடத்தில் எடுப்பார். மற்றபடி கெட்டவர் இல்லை.

பஞ்சுவின் பயிற்சித் தேர்வு மதிப்பெண்ணைப் படித்தார்கள், தொண்ணூற்று நாலு. ஐந்து மாத நடத்தையில் ஒரு குறையும் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து சீட்டில் உட்காரலாம் என்றார் தலைவர். கையெழுத்துப் போட்டார். கமாவும் போட்டார். காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்கள். பஞ்சு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, கையெழுத்துப் போடும் முன்னால் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.

சொன்னேன். காலையில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருந்ததால் தடங்கல் இல்லாமல் வந்தது. திங்கட்கிழமை பத்தரை மணி, இருபத்துநாலு, இருபத்துமூன்று, ஐந்நூறு அடி, நாலு மைல். தப்பு முழுக்க என்னுடையது, கண்டுபிடித்தது பஞ்சு. நான் கேட்காததைக் கேட்ட காது அது, அந்தக் காதை ஐந்து மாதம் சும்மா உட்கார வைத்தது நம் நஷ்டம் என்று முடித்தேன். பேச்சு நன்றாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பஞ்சு தலையைக் குனிந்து மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

கமா தன் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். ஒரு சின்ன விஷயம் என்று பஞ்சுவைப் பார்த்துக் கேட்டார்.

"விமானி தப்பாச் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?"

எனக்குப் புரிந்தது அந்த வினாடியில்தான். விழவில்லை என்று சொன்னால், ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தும் கேட்காத காதுக்கு எப்படி மைக் கொடுப்பது என்று ஆகும். விழுந்தது என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும், பஞ்சுவுக்கும் தெரியும், தலைவருக்கு மட்டும் தெரியாது. பஞ்சு தலையை நிமிர்த்தினாள்.

"விழுந்துச்சு சார்."

"இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள படிவம் குடுத்தீங்களா?"

"இல்ல சார்."

கமா விதியைப் படித்தார். இடைவெளி குறைந்ததைக் காணும் ஊழியர் எவரும் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் படிவம் அளிக்க வேண்டும், அளிக்கத் தவறினால் அது ஒழுங்கு மீறல். ஒழுங்கு மீறல் நிலுவையில் இருப்பவருக்குத் தகுதி வழங்க முடியாது, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் சொல்லாமல் இருந்தது என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்றுதான், இதற்கா தண்டனை, அடுத்த கூட்டத்துக்குள் உரிமமே போய்விடுமே என்று கத்தினேன். கமா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். நாலு வருடத்துக்கு முன்னால் இந்த விதிகளை எழுதிய ஐந்து பேர் குழு அதில் இருந்தது. மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

பிறகு அவர் ஒரு ஸ்கேல் வைத்து, தன் கையெழுத்தையும் தலைவருடைய கையெழுத்தையும் நேராக அடித்தார்.

என் விஷயத்துக்கு வேறு விதி. தப்புச் செய்தவர் பத்து நாளுக்குள் தானாக முன்வந்து சொன்னால் எந்த நடவடிக்கையும் கிடையாது. நான் நாலாவது நாளே சொல்லியிருந்தேன். தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படி நாலு பேர் இருந்தால் போதும், இந்த நிலையம் எங்கேயோ போய்விடும் என்றார். பாராட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று கமாவிடம் சொன்னார். கமா குறித்துக்கொண்டார்.

நான் வெளியே ஓடி வந்தபோது பஞ்சு தாழ்வாரத்தில் குடிதண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"சொல்ல வேண்டாம், மாட்டிக்க வேண்டியதுதான்னு சொன்னேனே மேடம்."

பன்னிரண்டு வருடத்தில் அவள் என்னை மேடம் என்றது அதுதான் முதல் தடவை. நான் மாட்டிக்கொள்வேன் என்று சொல்வதாக நினைத்தேன் என்றேன்.

"உங்களுக்குத்தான் பத்து நாள் இருக்கே. நீங்க எப்படி மாட்டுவீங்க? யாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம். ரேடியோவில் யாரிடம் சொல்கிறோம், யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்பது முதலில் வராமல் நாங்கள் ஒரு வாக்கியம்கூடப் பேச மாட்டோம். விமானத்தின் பெயர் சொல்லாமல் இறங்கு என்றால் பதினோரு விமானமும் இறங்கும். மைக்கை வைத்துவிட்டு வெளியே வந்தால் நம் பேச்சுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. போகணும், வரணும், மாட்டிக்க வேண்டியதுதான். யார் என்று கேட்பவரே போட்டுக்கொள்ள வேண்டும். நான் என்னைப் போட்டுக்கொண்டேன். அந்த வாக்கியத்தில் இன்னொருத்தி இருக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பதிலுக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்றதை அவளும், நான் வாயை மூடிக்கொள்ளப் போவதாக எடுத்துக்கொண்டு வேனில் ஏறியிருக்கிறாள்.

நான் மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றேன். எழுதினேன், மூன்று கடிதம். முதல் இரண்டுக்கும் கிடைக்கப்பெற்றோம் என்று பதில் வந்தது. மூன்றாவதுக்குப் பதில் வந்தபோது ஆறு மாதம் தாண்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது. உரிமம் காலாவதியான ஒருவரின் தகுதி குறித்து இனி பரிசீலிக்க ஏதுமில்லை என்று நாகரிகமாக எழுதியிருந்தார்கள். கமாக்கள் எல்லாம் சரியான இடத்தில் இருந்தன.

பாராட்டுக் கடிதத்தோடு எனக்கு இன்னொரு பொறுப்பும் கொடுத்தார்கள். புதிதாகச் சேரும் பயிற்சி வகுப்பில் முதல் வாரம் ஒரு மணி நேரம் பேச வேண்டும். தலைப்பு, தவற்றைத் தானாக முன்வந்து சொல்வது. என் அனுபவத்தையே உதாரணமாகச் சொல்லலாம் என்று தலைவர் குறிப்பு எழுதியிருந்தார். முடியாது என்று சொல்லப் போனேன். தலைவர் ஊரில் இல்லை. கமா, அட்டவணை அச்சாகிவிட்டது என்றார்.

வகுப்பில் இருபத்தாறு பேர். இருபத்தைந்து பேருக்கு மீசையும் முகப்பருவும் இப்போதுதான் வந்துகொண்டிருந்தன, அல்லது போய்க்கொண்டிருந்தன. இரண்டாவது வரிசை ஓரத்தில் புது நோட்டுப் புத்தகத்தோடு பஞ்சு உட்கார்ந்திருந்தாள். அவள் வருவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளைப் பார்த்ததும், துடைத்திருந்த பலகையை இன்னொரு தடவை துடைத்தேன். நான் பேசினேன். திங்கட்கிழமை, பத்தரை மணி, ஐந்நூறு அடி. உதவியாளரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து நாள், இருபத்துநாலு மணி நேரம் என்ற விதிகளை மட்டும் பலகையில் எழுதினேன். பஞ்சு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அவள் கையெழுத்து அழகாக இருக்கும்.

கடைசியில் யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டேன். பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பஞ்சு கையைத் தூக்கினாள்.

"தப்புப் பண்ணவங்களுக்குப் பத்து நாள். பார்த்தவங்களுக்கு ஒரே நாள். ஏன் மேடம்?"

அதில் கேலி இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த விதியை எழுதிய ஐந்து பேரும் மைக்கில் உட்கார்ந்தவர்கள். தப்பு நடந்தால் நம் கையால் நடக்கும், யோசிக்க நமக்குக் கொஞ்சம் நாள் வேண்டும் என்று ஐந்து பேருக்கும் தோன்றியது. பக்கத்து நாற்காலியில் நம்மில் ஒருவர் உட்காரும் நாள் வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை இருபத்தைந்து பிள்ளைகள் முன்னால் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நல்ல கேள்வி என்றேன்.

பஞ்சு அதையும் எழுதிக்கொண்டாள்.